தேயிலை மலையில் உயிரும் உடைமையும்

ஒரு நாட்டின் நலத்தை அளந்தறிய விரும்புவோர் அதன் தலைநகரத்து மாளிகைகளை மட்டும் நோக்கினாற் போதாது. அந்நாட்டின் ஒதுக்கமான மூலையொன்றிலே வாழும் உழைப்பாளி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு அச்சமின்றிக் கண்ணயர்கின்றானா என்பதையும் நோக்குதல் வேண்டும். அவனுடைய உயிருக்கு எது காவல், அவன் தேடிய பொருளுக்கு எது காவல், அவன் தலைக்கு மேலுள்ள கூரைக்கு எது காவல் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்குமாயின், அந்நாட்டைப் பற்றிப் பெரும்பகுதி அறிந்தவராவோம். இவ்வினாக்களை மனத்திற்கொண்டே இலங்கையின் மத்திய மலைநாட்டில் அட்டன் முதல் நுவரெலியா வரையுள்ள தேயிலைத் தோட்டங்களை நாம் சுற்றி வந்தோம். கண்டவற்றையும் கேட்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை ஏறும் வழி

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்குச் செல்லும் பாதை, முதலில் றப்பர் மரங்களின் நிழலூடே செல்கின்றது. கித்துல்கலையிலே களனி கங்கையின் கிளையொன்று பாறைகளை மோதி நுரைத்து ஓடுவதைக் காணலாம். கினிகத்தேனையைக் கடந்ததும் வெப்பம் குறைகின்றது; காற்றிலே ஈரம் கூடுகின்றது. வட்டவளையை அடையும்போது மழை நம்மை வரவேற்காவிடின் அஃது அதிசயமே. அட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்திலே அமைந்தது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா. வானம் வெளுத்திருந்தால் சிவனொளிபாதமலையின் கூம்பிய சிகரமும் தோன்றும். கிழக்கே சென்றால் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, பின்னர் 6,000 அடிக்கும் மேலான நுவரெலியா. தலவாக்கலைக்கு அணித்தாக டெவோன், சென்கிளயர் என்னும் இரு நீர்வீழ்ச்சிகள் பாதையோரத்திலிருந்தே காணத்தக்கவை.

பார்க்குமிடமெங்கும் இடுப்பளவு உயரத்தில் வெட்டி நிறுத்திய தேயிலைச் செடிகள். இதனைப் பச்சைக் கம்பளம் என்று எத்தனையோ பேர் வருணித்துவிட்டனர். அக்கம்பளத்தை நெய்தவர்கள் எங்கே உறங்குகின்றனர் என்று கேட்போர் சிலரே. பாதையிலிருந்து நோக்கினால், செடிகளின் நடுவே மடிப்பு மடிப்பாக இறங்கும் சரிவிலே நீண்ட தகரக் கூரைகள் சில தென்படும். அவற்றைத் தேடியே நாம் சென்றோம்.

லயமும் காம்பராவும்

தோட்டத் தொழிலாளர் வாழும் நீண்ட கட்டடத்துக்கு லயம் என்று பெயர். வரிசை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே தொழிலாளர் நாவிலே லயனாகிப் பின்னர் லயமாயிற்று. ஒரே கூரையின்கீழ், இடைச் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, பத்தோ இருபதோ அறைகள் புகையிரதப் பெட்டிகளைப்போல் வரிசையாக நிற்கும். சில லயங்களிலே முதுகோடு முதுகு ஒட்டியவாறு இரண்டு வரிசைகள் உண்டு. அறையைக் காம்பரா என்பர். அதன் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னாலுள்ள சிறிய தாழ்வாரம் இஸ்தோப்பு எனப்படும். குடும்பம் பெருகப் பெருக இஸ்தோப்பை அடைத்துக் குசினியாக்கினோர் பலர். லயத்துக்குச் சிறிது தூரத்திலே பீலி. மலையூற்று நீர் வந்து விழும் இடம் அது. குளிப்பதும் துவைப்பதும் குடத்திலே நீர் பிடிப்பதும் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலே நண்பகல் வேளையில் ஒரு லயத்தை அடைந்தோம். பெரியவர்கள் கொழுந்து பறிக்க மலைக்குச் சென்றிருந்தனர். பல காம்பராக்களின் கதவுகள் வெறுமனே சாத்தப்பட்டிருந்தன. கடைசிக் காம்பராவின் இஸ்தோப்பிலே முதியவர் ஒருவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“வாங்க ஐயா, உக்காருங்க. சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று எழுந்தார். பாலின்றிக் காய்ச்சிய தேநீரைச் சாயத்தண்ணி என்பது மலைநாட்டு வழக்கு. உலகத்துக்கெல்லாம் உயர்ந்த தேயிலையை அனுப்புகின்ற மலையிலே, அதனைப் பறிப்போர் அருந்துவது எஞ்சிய தூளின் சாயத்தையே.

“எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்களே அம்மா! கதவுகளைப் பூட்டுவதில்லையா?” என்று வினவினோம்.

“பூட்டுறவங்களும் இருக்காங்க ஐயா. ஆனா களவு போறதுக்கு இங்க என்ன இருக்கு? நகைநட்டு இருந்தா அது அடகுக் கடையில இருக்கும். இந்தக் காம்பராவுல இருமினா அந்தத் தொங்கல் காம்பராவுல கேக்கும். கள்ளன் எந்த வழியா வருவான்?”

சிரித்துக்கொண்டே கூறினார். ஆயினும் அவ்விடையிலே லய வாழ்க்கையின் நன்மையும் துன்பமும் ஒருங்கே அடங்கியிருந்தன. உயிருக்கு அயலார் காவல். உடைமைக்கோ காவல் தேவையில்லை, ஏனெனில் உடைமையே இல்லை.

அயலார் என்னும் அரண்

அயலாரின் காவலை நாம் சிறிதாக எண்ணலாகாது. ஒரு காம்பராவிலே சுகவீனம் என்றால் அடுத்த காம்பராவிலே கஞ்சி காய்ச்சுவர். நள்ளிரவிலே பேறுகால நோவு கண்ட பெண்ணைப் பாதையோரம் வரை தூக்கிச் செல்ல நான்கு இளைஞர் கூப்பிடாமலே வருவர். தாய்மார் வேலைக்குச் செல்லுகையில் கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவிலே விட்டுச் செல்வர். மரணம் நேர்ந்தால் தோட்டமே திரண்டு நிற்கும்.

மனிதர் காவலுக்கு மேலே தெய்வக் காவலும் உண்டு. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில். எல்லையிலே முனியாண்டி, மாடசாமி. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கும் றோதைமுனி என்றொரு தெய்வம். றோதை என்பது சக்கரத்தைக் குறிக்கும். இயந்திரம் கையைப் பறித்துவிடாதவாறு காக்கும்படி அம்முனியை வேண்டிப் பூசையிடுவர். எங்கெங்கு ஆபத்தோ அங்கங்கு ஒரு தெய்வத்தை நிறுத்திவைத்த இம்மக்களின் வழிபாட்டை நோக்கினாலே, இவர்தம் அச்சங்களின் வரைபடம் நமக்குக் கிடைத்துவிடும்.

இத்தகைய அயலார் காவல் பிறநாட்டுக் கிராமங்களிலும் உண்டு. இந்தோனேசியாவின் சாவகத் தீவிலே கிராமத்து ஆடவர் முறைவைத்து இரவில் ஊரைச் சுற்றி வருவர். அதற்கு றொண்டா என்று பெயர். குடைந்த மூங்கிலையோ மரத்தையோ தட்டி ஒலியெழுப்புவர். கள்வன் வந்தால் ஒருவகைத் தட்டு, தீப்பற்றினால் வேறொருவகைத் தட்டு என்று ஊரார் ஒலியைக் கேட்டே செய்தியை அறிவர். நமது தோட்டங்களிலும் தப்பு ஒலித்ததுண்டு. ஆனால் அது விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைப்பதற்காக ஒலித்தது. சாவகக் கிராமத்தான் தட்டிய மூங்கில் அவனுடைய ஊரைக் காத்தது. நம்மவர் கேட்ட தப்பு தோட்டத்தின் வேலை நேரத்தைக் காத்தது. ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓரிடம் உடையவனுக்கும், பிறர் நிலத்திலே தங்கியிருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ?

காணி கைமாறிய கதை

இந்நிலைமை எவ்வாறு வந்தது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டுக் கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தோர் எண்ணற்றோர். அவ்வருகையின் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, 2023ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது.

1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரைத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளைத் துருநோய் பற்றியது. சில ஆண்டுகளிலே கோப்பி அழிந்து தேயிலை மலையை ஆண்டது. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். எனவே வந்தவர்கள் குடும்பத்தோடு நிலையாகத் தங்கினர். தங்குவதற்கு லயம் கொடுக்கப்பட்டது. ஆனால் அது வேலையோடு பிணைக்கப்பட்ட இருப்பிடம். செக்ரோலிலே பெயர் உள்ளவரை காம்பரா உண்டு. பெயர் வெட்டப்பட்டால் காம்பராவும் போயிற்று. கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்துத் தரப்பட்ட துண்டு என்னும் சீட்டு, தொழிலாளியைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குப் பின்தொடர்ந்தது. 1921ஆம் ஆண்டிலேதான் அம்முறை ஒழிந்தது.

தோட்டம் தனியார் நிலமாகையால் வெளியார் எளிதில் நுழைய இயலாது. தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசையர், புடவை வியாபாரி வேடத்திலே லயங்களுக்குட் புகுந்து தொழிலாளரைச் சந்தித்தார் என்பது மலைநாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. தன் உறவினனைத் தன் வாசலுக்கு அழைக்கவும் பிறருடைய அனுமதி வேண்டும் எனின், அவ்வாசல் யாருடையது?

பின்னர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் இலங்கையும் இந்தியாவும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலைநாட்டார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். அதிலே ஏறியவர்கள் கொண்டுசென்ற உடைமை, சில பித்தளைப் பாத்திரங்களும் ஒரு தகரப் பெட்டியுமே. பல தலைமுறை உழைப்பின் தேட்டம் அவ்வளவே. 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களோ, தங்கியிருந்தோரின் அச்சத்தைப் பெருக்கின. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. நாடற்றோர் என்னும் நிலையை முடிப்பதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறியது.

இதனிடையே நிலம் கைமாறிக்கொண்டே இருந்தது. வெள்ளைத்துரைமாரிடமிருந்து கம்பெனிகளுக்கு, 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுக்கு, 1992ஆம் ஆண்டிலே முகாமை மீண்டும் கம்பெனிகளுக்கு. இத்தனை கைகள் மாறியும், காம்பராவின் உரிமை மட்டும் அதிலே பிறந்து வளர்ந்து முதிர்ந்தவனின் கைக்கு வரவில்லை. மலைநாட்டு எழுத்தாளரும், 1947ஆம் ஆண்டிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவருமான சி. வி. வேலுப்பிள்ளை, தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். ஒரு சமூகத்தின் வரலாற்றை ஒரே சொல்லிற் கூறிவிட்ட பெயர் அது.

முகவரி என்னும் உடைமை

உடைமை என்றதும் பொன்னும் பொருளுமே நினைவுக்கு வருகின்றன. முகவரியும் ஓர் உடைமை என்பதை நாம் தோட்டத்திலேதான் உணர்ந்தோம். நகரத்தாருக்கு வீட்டிலக்கமும் தெருப்பெயரும் உண்டு. லயத்துக் காம்பராக்களிற் பலவற்றுக்கு அவை இல்லை. பெயர், பிரிவு, தோட்டம், அஞ்சல் நகரம் என்று எழுதிய கடிதம் தோட்டத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி உரியவரை அடையும். ஒரே தோட்டத்திலே ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். தொழில் நேர்முகத்துக்கான அழைப்பு, நாள் கடந்தபின் கைக்கு வந்த கதையை இளைஞர் பலர் சொல்லக் கேட்டோம். வாசலுக்கு இலக்கம் இல்லாமையால் வாழ்க்கையின் வாசலொன்று மூடிக்கொள்ளுதல் சிறிய இழப்பன்று.

ஊராட்சியிலும் இவ்வாறே. தோட்டம் தனியார் நிலம் என்னும் காரணத்தால், பிரதேச சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புக்களின் பாதைக்கோ விளக்குக்கோ செலவிடச் சட்டம் தடையாக நின்றது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்தவர், அச்சபையின் விளக்கைத் தம் வாசலில் ஏற்றுவிக்க இயலாதிருந்தனர். 2018ஆம் ஆண்டிலேதான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

தீயும் குளவியும் மலையும்

இனி உயிருக்கு வரும் இடர்களை நோக்குவோம். கள்வனுக்கு அஞ்சாத லயம் தீக்கு அஞ்சுகின்றது. பழைய கூரை மரங்களும் முதிர்ந்த மின்கம்பிகளும் ஒரே கூரையின்கீழ் ஓடுவதால், ஒரு காம்பராவிலே பற்றிய தீ சில நிமிடங்களில் வரிசை முழுவதையும் விழுங்கிவிடும். அயலாரை அணைத்து வைத்த அதே சுவர்கள், இப்போது அழிவையும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. எரிவன துணிமணிகள் மட்டுமல்ல. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பாட்டன் காலத்துப் பிரசாவுரிமைப் பத்திரம், பிள்ளைகளின் பாடநூல்கள் யாவும் தகரப் பெட்டியோடு கருகும். நாம் இந்நாட்டவரே என்று பலமுறை நிரூபிக்க வேண்டியிருந்த ஒரு சமூகத்துக்குக் காகிதம் பொன்னினும் அரிது.

மலையிலே கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் குளவி ஓர் ஓயாத பகை. செடிமறைவிலோ மரக்கிளையிலோ உள்ள கூடு கலைந்தால், முதுகிலே கூடை சுமந்த பெண் செங்குத்துச் சரிவிலே எங்கே ஓடுவாள்? குளவி கொட்டி உயிரிழந்தோர் உளர். அட்டையும் வழுக்கும் படியும் நாள்தோறும் உள்ள துன்பங்கள். சிறுத்தையின் காலடியைக் கண்டோம் என்று கூறுவோரும் உளர்.

இவையெல்லாவற்றிலும் பெரிய இடர் மலையே. வள்ளுவப் பெருந்தகை அரணுக்கு இலக்கணம் கூறுமிடத்து நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் எண்ணினார். இம்மலைநாட்டிலே நான்கும் உண்டு. ஆயினும் காடு வெட்டப்பட்டு, சரிவிலே மண் இளகி, நீர் உள்ளே இறங்கும்போது, அரணாக நின்ற மலையே பகையாகின்றது. நுவரெலியாவுக்கு அயலான பதுளை மாவட்டத்திலே, கொஸ்லந்தைப் பகுதியின் மீரியாபெத்தைத் தோட்டத்தில், 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாட் காலையிலே மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் சிலர் மாலையில் பெற்றோரின்றி நின்றனர். அந்நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் முன்னரே எச்சரித்திருந்தது என்பது இங்கு கருதத்தக்கது. பின்னர் 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளே மிகுந்த அழிவைக் கண்டன.

மீரியாபெத்தையைப் பற்றி எழுந்த ஒரு வினாவை நாமும் மலைநாட்டிலே பலரிடம் கேட்டோம். எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் ஏன் வெளியேறுவதில்லை? கொட்டகலைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலே இளந்தொழிலாளி ஒருவர் அளித்த விடை இது.

“போகச் சொல்றாங்க, சரி ஐயா. எங்க போறது? இந்தக் காம்பராவ விட்டா எங்களுக்கு வேற எடம் இல்ல. மழை வந்தா பள்ளிக்கூடத்துல போய்ப் படுக்கிறோம். வெயில் வந்தா திரும்பி இங்கதான் வாறோம். வேலையும் இங்கதானே இருக்கு?”

இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. நிலமுடையவன் ஆபத்தை உணர்ந்தால் தன் நிலத்திலே வேறோரிடத்திற் கூரை போடலாம். விற்றுவிட்டு வேறூர் செல்லலாம். அடகு வைத்துக் கடன் பெறலாம். நிலமற்றவன் எச்சரிக்கையைக் கேட்கலாம். அதன்படி நடக்க அவனால் இயலாது. உடைமை என்பது செல்வம் மட்டுமன்று. ஆபத்திலிருந்து விலகிச் செல்லும் ஆற்றலும் அதுவே. இம்மலைநாட்டிலே உயிர்க்காவலும் உடைமைக்காவலும் இரண்டல்ல, ஒன்றே.

ஏழு பேர்ச்சஸ்

இருளை மட்டும் எழுதி முடித்தல் நீதியன்று. அண்மை ஆண்டுகளிலே தனி வீடுகள் தோன்றியுள்ளன. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, அதிலே 550 சதுர அடி வீடு என்பது தொடக்கத் திட்டமாயிருந்தது. இந்தியாவின் உதவியோடு முதலிலே 4,000 வீடுகள் தோட்டப் பகுதிகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டிலே பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018ஆம் ஆண்டிலே மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது.

ஏழு பேர்ச்சஸ் என்பது எவ்வளவு? நூற்றறுபது பேர்ச்சஸ் ஓர் ஏக்கர். எனவே ஏழு பேர்ச்சஸ் ஏறக்குறைய 1,900 சதுர அடி. ஓர் ஏக்கரில் இருபத்திரண்டிலொரு பங்கினும் குறைவு. யாழ்ப்பாணத்து வளவுகளைக் கண்ட கண்ணுக்கு அது சிறிதே. இருபது பேர்ச்சஸ் வேண்டும் என்று கேட்போரும் உளர். அக்கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆயினும் 120 சதுர அடிக் காம்பராவிலே மூன்று தலைமுறை உறங்கிய குடும்பத்துக்கு, அது முதன்முதலாகக் கிடைத்த நிலம்.

அத்தகைய புதிய குடியிருப்பொன்றிலே நாம் கண்ட மாற்றங்கள் சிந்தனைக்குரியன. வாசலிலே கோலம், வேலியோரத்திலே லீக்ஸ், கரட், கோவா, சுவருக்கு வீட்டார் விரும்பிய நிறம். லயத்திலே எல்லாச் சுவரும் தோட்டத்தின் நிறம். இங்கே ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். வளர்ந்த மகளுக்குப் படிக்க ஓர் அறை உண்டு என்று தாயொருவர் கதவைத் திறந்து காட்டியபோது அவர் முகத்திலே தோன்றிய பெருமிதம் எளிதில் மறக்கத்தக்கதன்று. கதவுகளிலே பூட்டும் இருந்தது! காக்கத்தக்கது ஒன்று உள்ளே வந்துவிட்டது என்பதற்கு அப்பூட்டே சாட்சி.

புதிய வாழ்வுக்குப் புதிய கவலையும் உண்டு. “லயத்துல சத்தம் போட்டா பத்துப் பேரு ஓடி வருவாங்க. இங்க ராத்திரியில தனியாத்தான் இருக்கு” என்றார் ஒரு மூதாட்டி. வீடு தனித்தாலும் மனம் தனித்துவிடாதவாறு, சனசமூக நிலையமும் வாசிகசாலையும் கோயிலும் இக்குடியிருப்புக்களிலே வளர்தல் வேண்டும்.

அதனினும் முக்கியமானவை இரண்டு. வீடு எழும்பும் மண் எது என்பது முதலாவது. சரியும் மலையிலே எழுப்பிய அழகிய வீட்டினும், உறுதியான மண்ணிலே எழுப்பிய எளிய வீடு மேலானது. நிலத்தை ஆராய்ந்தறிந்தோரின் சொல்லுக்கு முதலிடம் தந்து, தேயிலைக்கு ஒதுக்கிய நல்ல சமநிலத்தையும் குடியிருப்புக்குக் கொடுக்கும் மனம் நிலமுடையோருக்கு வருதல் வேண்டும். இரண்டாவது, எழுத்து. வீட்டுக்குட் குடிபுகுந்த பின்னும் காணிப் பத்திரத்துக்காகக் காத்திருந்த குடும்பங்கள் பல. அப்பத்திரம் கையில் இல்லாத வீடு, சற்றே பெரிய காம்பராவாகவே நின்றுவிடும்.

நம் நாட்டுத் தமிழிலே காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். நம் முன்னோர் தெரிந்தே இட்ட பெயர்போலும். மண்ணிலே உறுதி, கையிலே உறுதி, நெஞ்சிலே உறுதி என்று மூன்றும் ஒருங்கே சேர்ந்தாலன்றி ஒரு குடும்பம் அச்சமின்றி உறங்க இயலாது. மூன்றாவது உறுதி மலைநாட்டு மக்களிடம் என்றும் குறைந்ததில்லை. முன்னைய இரண்டையும் அவர்களுக்கு அளித்தல் இந்நாட்டின் கடன்.

மாணவ மாணவியரே! மலைநாட்டுக்குச் சுற்றுலாச் செல்லும்போது நீர்வீழ்ச்சிகளைக் காணுங்கள்; தேயிலைத் தொழிற்சாலைகளையும் காணுங்கள். அத்தோடு நின்றுவிடாது, சரிவிலே தெரியும் நீண்ட தகரக் கூரையின்கீழ் வாழ்வோரிடமும் சிறிது நேரம் இருந்து பேசிவிட்டு வாருங்கள். அவர்கள் தரும் சாயத்தண்ணியை மறுக்காது அருந்துங்கள். நாளை நீங்கள் பொறியியலாளராக, நில அளவையாளராக, சட்ட வல்லுநராக, நிருவாக உத்தியோகத்தராக வரும்போது, எந்த மண் உறுதியானது என்று அளந்து சொல்லவும், அவ்வுறுதியை எழுதிக் கையிற் கொடுக்கவும் வேண்டியவர்கள் நீங்களே.